தண்ணீரில் தேறிய டப்பாக்கள்

செய்யாத டெஸ்டைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில், இந்த பார்சிப்பனியில் எங்களைத் தெரிந்தவர்கள் இதை வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கதையில் நான் நன்றிகெட்டவள். இருக்கட்டும். நடந்தது என்ன என்று எழுதிவிடுகிறேன், யார் என்ன நினைத்தாலும் சரி.

பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஃபேக்டரியில் க்வாலிட்டி டெக்னீஷியனாக இருந்தேன். உருகின பிளாஸ்டிக் குழாய் மாதிரி மேலேயிருந்து தொங்கும். அச்சு இரண்டு பக்கமும் வந்து அதைக் கவ்வும். உள்ளே காற்று அடித்தால் டப்பா ஆகிவிடும். அச்சு கவ்வின இடத்தில், டப்பாவின் அடியில், தையல் போட்ட மாதிரி ஒரு கோடு விழும். டப்பா உடைந்தால் பெரும்பாலும் அந்தத் தையலில்தான் உடையும்.

மணிக்கொரு முறை மெஷினிலிருந்து நாலைந்து டப்பா எடுத்து வருவேன். எடை போடுவேன். சுவர் எவ்வளவு கனம் என்று பார்ப்பேன். மேலே பாரம் ஏற்றி எப்போது நசுங்குகிறது என்று பார்ப்பேன். தண்ணீர் நிரப்பி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போடுவேன். "என் பொண்டாட்டிக்கு டப்பாவைக் கீழ போடறதுக்கு சம்பளம் தர்றாங்க" என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் ஜோக் அடிப்பார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதை அவர் சேர்த்துச் சொல்ல மாட்டார். நான்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. அனுமதிக் கார்டு வந்த பிறகும் யாரும் கூப்பிடவில்லை. ஆறு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால் சாம்பார் வைத்தேன் என்றா சொல்வது? அப்போது எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவர், சென்னைக்காரர், அந்த ஃபேக்டரியில் க்வாலிட்டி மேனேஜர், என் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். இரண்டே வாரத்தில் வேலை. முதல் நாள் நான் "சார்" என்றேன்.

"சார் எல்லாம் வேணாம்மா. அண்ணான்னு கூப்பிடு. நமக்குள்ள என்ன?"

அன்றிலிருந்து அண்ணா. அவர் மனைவி எனக்கு அக்கா.

அண்ணா ஃபேக்டரியில் இரண்டு பாஷை பேசுவார். மீட்டிங்கில், ஈமெயிலில், சுவரில் ஒட்டுகிற நோட்டீஸில் இங்கிலீஷ். அதில் எல்லாம் விதிப்படி சுத்தமாக இருக்கும். விதியை வளைக்க வேண்டி வந்தால் என்னைக் காபி மெஷின் பக்கம் கூப்பிட்டுத் தமிழில் சொல்வார். "எடை ரெண்டு கிராம் கம்மியா வருதும்மா, கண்டுக்காத." "அந்த ரீடிங்க இன்னொரு தடவை எடு, நல்லா வர்ற வரைக்கும் எடு." எனக்கு அது அப்போது பாசமாகத் தெரிந்தது. சுற்றிலும் ஸ்பானிஷும் இங்கிலீஷும் ஓடுகிற இடத்தில் ஒருத்தர் "அம்மா" போட்டுப் பேசினால் மனசு இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தைத்தான் அவர் உபயோகித்தார் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறம் சரியில்லாத டப்பா, கரும்புள்ளி விழுந்த டப்பா எல்லாம் அரைத்துத் திரும்ப உருக்கப் போகும். வேண்டுமென்றால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நம் ஆட்களுக்கு இலவச டப்பா என்றால் கேட்க வேண்டுமா? எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் தமிழ்க் குடும்பம் எத்தனையோ அத்தனை வீட்டிலும் நான் கொடுத்த டப்பா இருந்தது. துவரம் பருப்பு, ரசப்பொடி, வத்தல், பண்டிகை முறுக்கு. "டப்பாக்காரி வந்துட்டா" என்றுதான் என்னை வரவேற்பார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுப்பேன். அண்ணா வீட்டுக்கே ஒரு டஜன் கொடுத்திருக்கிறேன், அக்கா கேட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் டப்பா வாங்கின ஒரு கம்பெனி, ஹோட்டல் அடுப்பிலும் கிரில்லிலும் பிடித்த கரியைக் கரைக்கிற பசை செய்கிறது. காஸ்டிக் சோடாவும் சோப்பும் கலந்த பசை. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அகல வாய் டப்பாவில் அரை கேலன், சுமார் இரண்டு லிட்டர். அந்தக் கம்பெனி கேட்ட டெஸ்ட் ஒன்று உண்டு. அவர்களுடைய பசையையே டப்பாவில் நிரப்பி, அறுபது டிகிரி சூட்டில் லேப் ஓவனுக்குள் ஐந்து நாள் வைக்க வேண்டும். அடித் தையல் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில பிளாஸ்டிக் தண்ணீரை வருடக்கணக்கில் தாங்கும். அதிலேயே சோப்போ எண்ணெயோ ஊற்றினால் கொஞ்ச நாளில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். இது கெமிஸ்ட்ரி படித்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த மாதம் டப்பாவுக்காக உருக்குகிற வழக்கமான பிளாஸ்டிக் குருணை வரவில்லை. கடையில் பால் விற்கிற கேலன் கேன் செய்கிற குருணையைக் கலந்து மெஷினை ஓட்டினார்கள். அது விறைப்பான சரக்கு. பாரம் வைத்தால் நசுங்காது, கீழே போட்டாலும் தேறிவிடும். ஆனால் சோப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. அதனால் அந்த முறை அந்த ஐந்து நாள் டெஸ்டைத் தவறவே விடக்கூடாது. லேபில் பார்த்தால் கஸ்டமரின் பசை ஒரு சொட்டு இல்லை. வாளி காலி. திங்கட்கிழமை போய்ச் சொன்னேன்.

"அண்ணா, பசை தீர்ந்துபோச்சு. வரவழைக்கணும்."

அவர் காபி மெஷின் பட்டனை அழுத்திக்கொண்டே சொன்னார். "அது அபாயச் சரக்கும்மா. வர ரெண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை டிரக் வருது."

"அப்ப என்னங்கண்ணா பண்றது?"

"தண்ணி ஊத்தி வை. அஞ்சு நாள் ஓவன்ல இருக்கட்டும். ஷீட்ல வழக்கம்போல எழுதிடு."

"தண்ணில தெரியாதுங்களேண்ணா."

"இந்த ரெண்டு வருஷத்துல அந்த டெஸ்ட் ஒரு தடவை ஃபெயில் ஆகிப் பாத்திருக்கியா? இல்லல்ல? போ, பயப்படாத. நான் இருக்கேன்."

நான் இருக்கேன். இந்த இரண்டு வார்த்தையை இனி யார் சொன்னாலும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பேன்.

தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை எடுத்தேன். எல்லாம் தேறின. தேறாமல் எங்கே போகும்? ஷீட்டில் என்ன திரவம் என்று கேட்கிற கட்டத்தில் 'கஸ்டமரின் பசை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் டிரக் போனது. அடுத்த வெள்ளி இன்னொரு டிரக்கும் போனது.

அதே வாரம் ஓடின டப்பாவில் கொஞ்சம் மஞ்சள் தட்டின நாலைந்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். இந்தியன் கடையில் மாங்காய் வந்திருந்தது. வாங்கி நறுக்கி, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி ஊறுகாய் போட்டேன். டப்பாவில் நிரப்பி, வெயில் படட்டும் என்று சமையலறை ஜன்னலில் வைத்தேன். இடமில்லாததால் அதன் மேலேயே உப்பு டப்பாவையும் புளி டப்பாவையும் அடுக்கினேன். எண்ணெய், சூடு, பாரம். லேபில் நான் செய்யாத டெஸ்டை வீட்டு ஜன்னலில் செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பெண்ணுக்கு ஒன்பது வயது. தண்ணீர் குடிக்கப் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "அம்மா, யுவர் பிக்கிள் ஈஸ் லீக்கிங்!"

ஜன்னல் விளிம்பு பூராவும் சிவப்பாக எண்ணெய். மூடி வழிந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன். மூடி காய்ந்துதான் இருந்தது. டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தேன். தையல் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். வாய் திறந்து எண்ணெயைத் துப்பியது.

அடியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் எந்த மாதம் செய்தது என்று அச்சு காட்டும். பக்கத்தில் அச்சின் எண். பார்க்கவே தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். டிரக்கில் போனதும் இதுவும் ஒரே சரக்கு.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் டிவியை நிறுத்தவில்லை.

"ஒரு ஊறுகாய் போச்சு. விடேன்."

"ஊறுகாய் இல்லைங்க. இதே டப்பால காஸ்டிக் சோடா போயிருக்கு. எவனாச்சும் ஷெல்ஃபுல இருந்து தூக்குவான், அடி வாய் பொளந்து அவன் கைல ஊத்தும்."

"உங்க அண்ணாகிட்ட சொல்லு, அவர் பாத்துப்பார். நீயா எதுவும் பண்ணாத. வேலை வாங்கிக் குடுத்த மனுஷன்."

திங்கட்கிழமை டப்பாவைக் கழுவாமல் ஜிப்லாக் பையில் போட்டு எடுத்துப் போனேன். அண்ணா தன் ரூமில் இருந்தார். மேஜைமேல் வைத்தேன். மூக்கைச் சுருக்கினார், பிறகு சிரித்தார்.

"என்னம்மா, ஊறுகாய் மட்டும் எடுத்துட்டு வந்திருக்க? தயிர் சாதம் எங்க?"

"அடியில பாருங்கண்ணா."

பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர், புரியாமல் இருக்காது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது உங்க வீட்டு டெஸ்ட். கஸ்டமர் என்ன மாங்காயா போடறான்?"

"அவன் போடறது இதைவிட மோசம்."

"ரெண்டு டிரக் போயாச்சு. இப்ப போய் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லலைன்னா என்ன ஆகும்ங்கண்ணா?"

"ஷீட்ல யார் சைன் இருக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என்னோடது இல்லை. யோசிச்சுக்கோ."

முந்தின மாதம் 'நான் இருக்கேன்' என்று சொன்ன அதே வாய்.

அன்று மத்தியானமே அவர் டெக்சாஸில் இருக்கிற எங்களுடைய இன்னொரு ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போனார், வெள்ளிக்கிழமை வரை வர மாட்டார். ஒவ்வொரு சரக்கிலும் சில டப்பாக்களை லேபில் எடுத்து வைத்திருப்போம். அதில் ஒன்பது எடுத்தேன். ஆறில் லேப் சிங்கில் இருந்த பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து நிரப்பினேன். மூன்றில் வெறும் தண்ணீர். எல்லாவற்றையும் ஓவனில் வைத்தேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது தட்டில் சோப்புத் தண்ணீர் குளம் கட்டி நின்றது. ஆறில் ஐந்து கிழிந்திருந்தன. தண்ணீர் ஊற்றின மூன்றும் கல்லு மாதிரி நின்றன.

அந்த மூன்றைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அது அவர் மேல் வந்த கோபமும் இல்லை, பயமும் இல்லை. படித்த படிப்பு முழுக்கத் தெரிந்திருந்தும் தண்ணீர் ஊற்றினவள் நான். டிரக் நிற்கட்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிழிந்த ஐந்தையும் ஒரு தொட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரி தலைவியிடம் போனேன். வயதான வெள்ளைக்கார அம்மா, அதிகம் பேசாதவர். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். டிரக் போவதற்கு முன் இந்த டெஸ்ட் செய்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். செய்ததாக எழுதியிருக்கிறதே என்றார். ஆமாம், நான்தான் எழுதினேன் என்றேன். ஏன் என்றார். என் மேனேஜர் சொன்னார் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது ஸ்கூல் பிள்ளை சாக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

அரை மணி நேரத்தில் மெஷினை நிறுத்தினார்கள். கஸ்டமருக்குப் போன் போனது. அவர்கள் கிடங்கில் பசை நிரப்பி அடுக்கி வைத்திருந்ததில் அடி அட்டைகள் நனைந்திருந்தனவாம். இருந்ததை எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஏற்கெனவே போனது எவ்வளவு, யாருக்காவது கை வெந்ததா என்று கேட்டேன். ஒருவரிடம் இல்லை, மூன்று பேரிடம் கேட்டேன். அது வக்கீல்கள் பார்க்கிற விஷயம், உனக்குச் சொல்ல முடியாது என்றார்கள். இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஏதாவது ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் கையில் கட்டோடு நிற்பதைப் பார்த்தால் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். கத்தி பட்டதாக இருக்கலாம். கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

அடுத்த வாரம் ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். பெண், அண்ணா, நான். மேஜைமேல் விசாரணை அறிக்கை. காரணம் என்ற இடத்தில், டெக்னீஷியன் தவறான திரவத்தை உபயோகித்தார் என்று இருந்தது. அவ்வளவுதான். தீர்வு என்ற இடத்தில், டெக்னீஷியனுக்கு மறுபடி பயிற்சி. பயிற்சி கொடுப்பவர் என்ற கோட்டில் அண்ணாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற கோடு எனக்காகக் காத்திருந்தது.

அண்ணா இங்கிலீஷில் பேசினார். குறுக்குவழி கூடாது என்று தன் டீமுக்கு எப்போதும் சொல்வதாகச் சொன்னார். என் உழைப்பைப் பாராட்டினார். எல்லோரும் தவறு செய்வதுதான், கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு வருடத்தில் என்னிடம் அவர் அவ்வளவு நேரம் இங்கிலீஷ் பேசினது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்தது தமிழ்தான். "தண்ணி ஊத்துன்னு நீங்கதானங்கண்ணா சொன்னீங்க? காபி மெஷின்கிட்ட நின்னு சொன்னீங்களே!"

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஹெச்.ஆர். பெண்ணைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "சாரி. ஷீ ஈஸ் மோர் கம்ஃபர்ட்டபிள் இன் தமிழ்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பாவம் என்கிற மாதிரி. அவர் என்னிடம் சொன்னது எதுவும் எந்த ஈமெயிலிலும் இல்லை. இங்கிலீஷில் சொல்லியிருந்தால் பக்கத்தில் காபி பிடித்துக்கொண்டு நின்ற யாராவது கேட்டிருப்பார்கள். தமிழில் சொன்னதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. குற்றவாளியும் நானே.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே இங்கிலீஷில், கொட்டை எழுத்தில் எழுதினேன். டெஸ்டைத் தண்ணீரில் செய்யச் சொன்னது இந்தப் பயிற்சியைக் கொடுப்பவர்தான். தப்பு என்று தெரிந்தே நான் செய்தேன். எழுதிவிட்டு அதன் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவவில்லை.

ஆறு வாரம் கழித்து என் வேலையை இன்னொருவர் வேலையோடு சேர்த்துவிட்டார்கள், எனக்கு இடமில்லை. அண்ணா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற ஒரு பாட்லக் சாப்பாட்டுக்குப் போனோம். நான் வர மாட்டேன் என்றேன், வீட்டுக்காரர் இழுத்துப் போனார். தட்டில் புளியோதரை வைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஓர் ஆன்ட்டி வந்து நின்றார்.

"நம்ம ஆளை நாமளே வெள்ளைக்காரிகிட்ட போட்டுக் குடுக்கலாமா? எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுஷன்!"

"அந்தப் பசை டப்பாவைத் தூக்கப் போறவன் நம்ம ஆளு இல்ல. அதானே ஆன்ட்டி?"

"இவகிட்ட பேச முடியாதுப்பா" என்று அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து யாரும் டப்பாக்காரி என்று கூப்பிடுவதில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அண்ணாவின் மனைவி. அந்த ஹெச்.ஆர். ரூமுக்குப் பிறகு முதல் தடவை. கார் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார். நலமா என்று கேட்டார். நலம் என்றேன். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ குடுத்த டப்பா ஒரு டஜன் என்கிட்ட இருக்கே. ஊறுகாய் போட்டிருக்கேன், ஒண்ணுல நல்லெண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன். அதெல்லாம் சரியா இருக்குமா?"

"அண்ணாகிட்ட கேக்க வேண்டியதுதானேக்கா? அவர்தானே மேனேஜர்?"

"கேட்டேன். ஒண்ணும் ஆகாது, வச்சுக்கோங்கறார்."

"அப்புறம் என்ன?"

இண்டிகேட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. ஊர் முழுக்க அண்ணா பக்கம். அவர் சமையலறை மட்டும் என்னை நம்புகிறது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். அந்தப் பசையை வாங்கின ஹோட்டலில் யாரிடமும் என் நம்பர் இல்லை. இவரிடம் இருந்தது. அண்ணா செய்தது இவருடைய குற்றம் இல்லை.

"வீட்டுக்குப் போய் அடியில பாருங்க. சின்ன வட்டம் இருக்கும். அதுல அம்புக்குறி எந்த மாசத்தைக் காட்டுதுன்னு பாருங்க." எந்த மாதம் என்று சொன்னேன். "அந்த மாசத்து டப்பால எண்ணெய், ஊறுகாய், சோப்பு, எதுவும் வேணாம். இன்னிக்கே மாத்திடுங்க. பருப்பு, உளுந்து போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது."

"சரிம்மா" என்றார். போனை வைக்காமல் தயங்கினார். "அவர்கிட்ட சொல்லிடாத."

"எதைக்கா? டப்பாவை மாத்தினதையா, எனக்கு போன் பண்ணினதையா?"

"ரெண்டையும்தான்" என்றார்.